மெம்பர் எப்போது சிரித்தார்?

"மனுஷன் பொய் சொல்வான். பேப்பர் பொய் சொல்லும். எடை மெஷின்கூட ஆளைப் பாத்துப் பொய் சொல்லும். என் கேமரா மட்டும் பொறந்ததுலேர்ந்து ஒரு பொய் சொன்னதில்ல!"

டீக்கடை பெஞ்சில் ஏறி நிற்காத குறையாக ஃபோகஸ் அண்ணன் இப்படி முழங்கியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவர் எடுத்த கல்யாண வீடியோக்களில் இருப்பவர்கள். சொந்தக் கல்யாணத்தில் தங்கள் தொப்பை எங்கே போயிற்று என்பது அவர்களுக்கு இன்று வரை விளங்காத மர்மம். ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தொப்பையைக் கரைத்துக் கொடுத்த கேமராவைக் கோபித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

அண்ணனின் ஸ்டுடியோ கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், இரண்டு கடைக்காரர்களும் வேண்டாமென்று விட்டுவைத்த இடுக்கில் இருந்தது. முன்னறையில் நீலத்திரை, சுழலும் ஸ்டூல், ஒரு கண்ணாடி, கண்ணாடியோடு நூலால் கட்டிய சீப்பு. கட்டாமல் வைத்த சீப்புகள் எல்லாம் பாஸ்போர்ட் போட்டோவோடு வெளிநாடு போய்விட்டன என்பார். பின்னறையில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் அவர் மனைவி. ஆல்பம் அடுக்குவது, பல்லிடுக்கை அடைப்பது, வர முடியாமல் போன சித்தப்பாவைக் குடும்பப் படத்தின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அம்மணியின் இலாகா.

மேடையில் யார் குறுக்கே வந்தாலும், "ஃபோகஸ் போகுது, ஃபோகஸ் போகுது" என்று அலறுவது அண்ணனின் வழக்கம். ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரையே அலறி மேடையிலிருந்து இறக்கிவிட்டார். அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் அடங்கிவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் அவர் சில டப்பாக்கள் வைத்திருந்தார். மற்றவர்கள் ஃபோல்டர் என்பார்கள். கண்ணீர் டப்பா, சிரிப்பு டப்பா, கைதட்டல் டப்பா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் வேலை, சும்மா உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பிடித்து டப்பாவில் அடைப்பது. பெண் விடைபெறும்போது அத்தை அழவில்லையா? பரவாயில்லை. காலையில் வெங்காயம் நறுக்கியபோது அழுதாளே, அதை எடுத்து ஒட்டு. மாப்பிள்ளையின் நண்பன் சொன்ன ஜோக்குக்கு ஒரு ஈ, காக்கை சிரிக்கவில்லையா? குழந்தை கேக்கில் முகத்தைப் புதைத்தபோது சபை சிரித்ததே, அதை ஒட்டு. எந்த அத்தையும் இதுவரை புகார் கொடுத்ததில்லை. "பாத்தியா, உனக்காக எவ்வளவு அழுதிருக்கேன்" என்று வருஷக்கணக்கில் அதைக் காட்டிக் காரியம் சாதித்த அத்தைகள் உண்டு. இதில் பொய் என்று ஒன்று இருப்பதாக அண்ணனுக்குத் தோன்றியதே இல்லை. தையற்காரர் துணியை வெட்டாமல் சட்டை தைக்க முடியுமா?

ஜனநாயகம் அவர் வாழ்க்கைக்குள் ஒரு குழி வழியாக நுழைந்தது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் கார் சாலைக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். சேறு தெறித்தது. தொழில் தர்மப்படி அண்ணன் கேமராவை நிறுத்தவில்லை. பெண்ணின் தங்கை அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவைக்க, அந்த வாரமே குழி மூடப்பட்டது. அந்தத் தெருக்காரர்கள் அதற்கு முன்பு அதே குழிக்காகக் கொடுத்த மனுக்களை அடுக்கினால் குழியே நிரம்பியிருக்கும். மனுவுக்கு அசையாத நகராட்சி மாப்பிள்ளையின் சட்டைக்கு அசைந்தது.

அண்ணனுக்குப் பொறி தட்டியது. 'நம்ம வார்டு' என்று ஒரு சேனல் ஆரம்பித்தார். பகலில் எரிந்து இரவில் தூங்கும் தெருவிளக்கு, டாக்டரைவிடப் பூட்டு ஒழுங்காக வேலைக்கு வரும் சுகாதார நிலையம், பலகை இல்லாமல் காலோடு மட்டும் நிற்கும் பூங்கா பெஞ்சு என்று ஜனங்கள் படம் அனுப்பத் தொடங்கினார்கள். வந்ததை அப்படியே போட்டுவிட மாட்டார். ஒவ்வொன்றுக்கும் பழைய ஸ்கூட்டரில் போய், நின்று, பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் போடுவார். ஒருமுறை மலைபோல் குப்பை என்று ஒரு படம் வந்தது. போய்ப் பார்த்தால் குப்பை வார்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. "அடுத்த வார்டு குப்பைக்கு நான் எப்படி சொந்தம் கொண்டாடறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நேர்மைக்கு அடுத்த வார்டில்கூட மரியாதை இருந்தது.

தேர்தல் வந்தது. அந்த வார்டில் தேர்தல் என்றால் சுவரெல்லாம் சிரிப்பு, தெருவெல்லாம் ஒலிபெருக்கி. வேட்பாளர்கள் பேசுவார்கள், ஜனங்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அண்ணன் அதைத் தலைகீழாக மாற்றினார். நூலக வாசிப்பு அறையில் வேட்பாளர்கள் வாயை மூடி உட்கார வேண்டும். ஜனங்கள் கேட்க வேண்டும். அப்புறம்தான் பதில். சேனலை ஊரே பார்த்ததால் வேட்பாளர்களால் வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வேட்பாளர்கள் வந்துவிடுவார்கள், கேட்கிறவர்கள் வேண்டுமே! தெருவில் சந்தைக் கூச்சல் போடுகிறவர்கள் மைக்கைக் கண்டால் ஊமையாகிவிடுவார்கள். அதற்கும் அண்ணனிடம் வைத்தியம் இருந்தது. கூச்சப்படும் மணப்பெண்களைப் பழக்கிய ஆளாயிற்றே. கேள்வி உள்ளவர்களை ஒவ்வொருவராக ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, ஸ்டூலில் உட்காரவைத்துப் பேசப் பழக்கினார். முட்டைக்கடை வைத்திருக்கும் அக்கா முதல் நாள் நீலத்திரையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"எனக்கு முட்டை விக்கத்தான் தெரியும் தம்பி. பேசல்லாம் வராது."

"போன வாரம் உடைஞ்ச முட்டையைக் குடுத்துட்டு என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினீங்களே அக்கா?"

"அது சண்டை."

"இதுவும் அதேதான். கொஞ்சம் மரியாதையா."

இப்படி அவர் பேசவைத்த வாய்கள் அந்த வார்டில் பல. அதற்காகவே அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். வைத்தால் முகத்துக்கு வெளிச்சம் சரியில்லை என்று அவரே வந்து சண்டை போடுவார் என்பதால் யாரும் வைக்கவில்லை.

போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவர் பதவியில் இருந்த வார்டு மெம்பர். அண்ணன் அவரை விளக்கு விளக்காக, குழி குழியாகத் துரத்தி வந்தவர். இன்னொருவர் பெயிண்ட் கடை முதலாளி, அண்ணனுக்குச் சொந்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்தவர். 'மச்சான் என்பதற்காக நான் சாய மாட்டேன்' என்று அண்ணன் ஒரு வீடியோவே போட்டார். மச்சான் ஒரு வாரம் பேசவில்லை.

கூட்டத்தன்று வாசிப்பு அறை நிரம்பி வழிந்தது. மச்சான் பேச எழுந்ததும் ஒரு விபத்து. மைக் ஸ்டாண்டின் திருகு கழன்று, அவர் பேசப் பேச மைக் மெல்லக் கீழே இறங்கியது. விட்டுக்கொடுக்காமல் அவரும் கூடவே குனிந்தார். கடைசியில் வார்டின் எதிர்காலத்தைப் பற்றித் தன் முழங்காலிடம் விளக்கிக்கொண்டிருந்தார். சபை குலுங்கியது. மெம்பர் வாயிலுள்ள பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். அண்ணனின் கேமரா அந்தச் சிரிப்பைக் கிட்டத்தில் போய்ப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் முட்டைக்கார அக்கா எழுந்தார். மழை பெய்தால் சாக்கடை எப்படிச் சமையலறைக்குள் ஏறி வருகிறது, அடுப்பை எப்படி மேஜைமேல் ஏற்ற வேண்டியிருக்கிறது, மகள் கட்டிலில் சம்மணமிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொன்னார். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. அண்ணன் மணப்பெண்ணைப் படம் பிடிப்பதுபோல் அவர் முகத்தை விட்டுக் கேமராவை நகர்த்தவேயில்லை.

மறுநாள் வெட்டி ஒட்ட உட்கார்ந்தார். அக்காவின் முகம் மட்டும் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் யாராவது கேட்கிற முகம் வேண்டும் என்று கை தானாக டப்பாவுக்குப் போயிற்று, மெம்பரின் சிரிப்பைக் கொண்டுவந்து ஒட்டியது. அக்கா பேசியபின் மெம்பர் சொன்ன பதில் இருட்டில் முனகலாக இருந்தது. கல்யாண வீடியோவில் பெரியவர்களின் வாழ்த்துரையை வெட்டுவதுபோல் அதையும் அதே கை வெட்டியது. அண்ணனின் மூளை அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தது.

அவ்வளவுதான். அக்கா கண்ணீரோடு சாக்கடையைப் பற்றிச் சொல்கிறார், மெம்பர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். வார்டு கொதித்தது. அடுத்த வார்டு கொதித்தது. சுவரில் இருந்த மெம்பரின் போஸ்டர்களில் யாரோ கூடுதலாகப் பற்கள் வரைந்தார்கள். மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "மாப்ளே, நீ மனுஷனே இல்ல. தெய்வம்!" மெம்பரின் டிரைவர் மட்டும் டீக்கடையில், "அது ஒட்டு வேலை" என்று வாய்விட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் எடை மெஷினை வம்புக்கு இழுத்த அந்த முழக்கம்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கையில் முட்டைக்கார அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று அண்ணன் எழுந்து நின்றார்.

"தம்பி, என் சாக்கடை எங்க போச்சு?"

"அக்கா?"

"தெருவுல எல்லாரும் என்னைப் பாத்து உச்சுக் கொட்டறாங்க. 'ஐயோ, உன்னைப் பாத்து சிரிச்சானே பாவி'ங்கறாங்க. சாக்கடையைப் பத்தி ஒருத்தர் கேக்கல. வார்டு பூரா மெம்பரோட பல்லைப் பத்தியே பேசுது. என் வீட்டுல நாறுது தம்பி."

"சிரிச்சாருல்ல அக்கா?"

"எப்ப சிரிச்சாரு? நான் அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் பேசினேன். அந்தாளைப் புடிக்காதுதான், ஆனா அவர் சிரிக்கல. சொல்லி முடிச்சதும், 'நானே நின்னு சரிபண்ணித் தர்றேன், தேர்தலுக்கு முன்னாடியே'ன்னு சபையில வாக்கு குடுத்தாரு. நீங்க அதை வெட்டிட்டீங்க. நேத்துப் போய்க் கேட்டேன். 'அந்த வீடியோவுல நான் அப்படிச் சொன்னேனா? அவன்கிட்டயே போய்க் கேளு'ங்கறாரு. மழை வந்தா நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?"

உட்காரப் போன அண்ணன், ஸ்டூல் சுழன்று திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அக்கா போனதும் மனைவி பின்னறையிலிருந்து தன் போனோடு வந்தாள். கூட்டத்தன்று அதை ஒரு புத்தக அலமாரியில் சாய்த்துவைத்து அறை முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் எடுப்பதுதான். இருவரும் பார்த்தார்கள். படம் சின்னது, மங்கலானது, ஆனால் எல்லாம் இருந்தது. மைக் இறங்குகிறது, மெம்பர் சிரிக்கிறார். அக்கா பேசுகிறார், மெம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். வாக்குக் கொடுக்கிறார். முனகல்தான், ஆனாலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது.

"அவர் சிரிச்சது உண்மைதானே? நானா சிரிக்க வெச்சேன்?" என்றார் அண்ணன்.

"எப்ப சிரிச்சாருன்னு கேட்டா என்னங்க சொல்வீங்க?"

அண்ணன் கண்ணாடியில் கட்டியிருந்த சீப்பை எடுத்து, இல்லாத முடியைச் சீவினார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் மனைவி. "எங்கண்ணன் ஜெயிக்கிற மாதிரி இருக்கு. ஓட்டு முடிஞ்சப்புறம் சொன்னா என்ன? அவன் எனக்கு ஒரே அண்ணன்."

விஷயம் காதுக்கு எட்டி மச்சானே வந்துவிட்டார். கையில் பெயிண்ட், முகத்தில் பதற்றம்.

"மாப்ளே, உண்மையை மறைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஓட்டுக்கு மறுநாள் சொல்லு. நானே மைக் புடிக்கிறேன்."

"உங்களுக்கும் மைக்குக்கும் ஆகாது மச்சான்."

"கிண்டல் பண்ணாத. சரி, அக்காவுக்கு வேண்டியது அந்த வாக்குதானே? அதை மட்டும் தனியா வெட்டிப் போடு. மெம்பர் மாட்டுவாரு, சாக்கடை சரியாகும். சிரிப்பு பாட்டுக்கு அது ஒரு பக்கம் கிடந்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?"

சொல்வதற்குச் சுலபம்தான். அதைவிடக் கொடுமை, செய்வதற்கும் சுலபம். மச்சான் போனபின் அண்ணன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மெம்பர் கண்ணாடியைக் கீழே வைத்துப் பேச ஆரம்பிக்கிற இடத்திலும், பேசி முடிக்கிற இடத்திலும் வெட்டுக்கோடு போட்டார். கை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. பயம் வந்ததே அதனால்தான். அது எத்தனை அத்தைகளை அழவைத்த கை! அண்ணன் அந்தக் கையை மேஜையிலிருந்து எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வயித்து வலியா அண்ணே, மாத்திரை தரவா?" என்றார்.

கடைசியில் எதையும் வெட்டாமல், மனைவி எடுத்த படம் முழுவதையும் போடுவது என்று முடிவானது. அதில் வாக்கும் இருந்தது, அண்ணனுடைய வண்டவாளமும் இருந்தது. ஒன்றை விட்டு ஒன்றைப் போட முடியாது.

முடிவை அறிய ஆவலாக இருப்பவர்களுக்காகப் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். வீடியோ வெளியான மறுநாள் காலையிலேயே மெம்பர் ஆட்களோடும் கடப்பாரையோடும் முட்டைக்கார அக்காவின் வாசலில் நின்றார். வாக்குக் கொடுத்ததை ஊரே பார்த்துவிட்டது, நிற்காமல் என்ன செய்வார்? பத்தடி பின்னால் மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு வேட்பாளர்களும் ஒரே சாக்கடைக்குள் இறங்கி ஒரே குழாயைக் குடைந்தது அந்த வார்டின் வரலாற்றில் முதல் தடவை. அக்கா மேலே நின்று, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று இருவரையும் மேய்த்தார். அடுத்த மழைக்கு அவர் வீட்டு அடுப்பு தரையிலேயே இருந்தது. ஓட்டில் மச்சான் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். கொஞ்ச நாள் பேசவில்லை, அப்புறம் பேசினார், அந்தப் பேச்சுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம். மெம்பர் இன்றைக்கும் அந்தக் கேமராவைக் கண்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். கல்யாண வீட்டார் சிலர் பழைய கேசட்டுகளைத் தூசி தட்டி எடுத்துவந்து, "எங்க அத்தை நெஜமா அழுதாங்களா?" என்று விசாரித்தார்கள். ஒரு குடும்பத்தில் அதனால் இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை முறிந்தது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஜனங்கள் இப்போதும் அவருக்குத்தான் படம் அனுப்புகிறார்கள், முன்பைவிட அதிகமாக.

வீடியோ வெளியான அந்த மத்தியானம் இப்படிக் கழிந்தது.

முழுப் படத்துக்கு முன்னால் யாராவது பேச வேண்டும். அண்ணன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. சொந்தக் கல்யாணத்தில்கூட மேடையிலிருந்து இறங்கி ஓடி, கேமராக்காரரிடம் கோணம் சொல்லிக்கொண்டிருந்தவர். சட்டையை மாற்றினார். மறுபடி பழைய சட்டையையே போட்டுக்கொண்டார். நீலத்திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேமராவுக்குப் பின்னால் மனைவி நின்றாள். ஓட்டு முடியட்டும் என்றவள்தான். காலையில் போனில் இருந்ததை அவள் தனியாக இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். சாக்கடையைச் சொல்லி முடித்து உட்கார்ந்த முட்டைக்கார அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம் "சரியா பேசினேனா?" என்று கேட்டது அதில் பதிவாகியிருந்தது. அதற்குமேல் அவள் தன் அண்ணனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"ஓடுது, பேசுங்க," என்றாள்.

"வணக்கம். போன வாரம் நான் போட்ட வீடியோவுல, முட்டைக்கார அக்கா பேசும்போது மெம்பர் சிரிச்சாரு. அவர் அப்ப சிரிக்கல. அதுக்கு முன்னாடி மைக் எறங்கினப்ப சிரிச்சாரு. எல்லாரும்தான் சிரிச்சோம். நானும் சிரிச்சேன், அதான் நான் எடுத்த படம் அங்க கொஞ்சம் ஆடும். அந்தச் சிரிப்ப எடுத்து அக்கா பேச்சுல ஒட்டினது நான். யாரும் சொல்லல. பழக்கதோஷம். அக்காவுக்கு அவர் குடுத்த வாக்க வெட்டினதும் நான்தான். இப்ப முழுசா போடறேன். பாருங்க."

எழுந்திருக்கப் போனார். மனைவி கேமராவை நிறுத்தவில்லை.

"என்ன?"

"டீக்கடையில ஒண்ணு சொன்னீங்களாமே."

அண்ணன் திரும்ப உட்கார்ந்தார். ஸ்டூல் லேசாகச் சுழன்றது, காலை ஊன்றி நிறுத்தினார். கேமராவைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார்.

"என் கேமரா பொய் சொன்னதில்லன்னு சொன்னேன்," என்றார். "சொல்லியிருக்கு."

மனைவி கேமராவை நிறுத்திவிட்டு ஒருமுறை போட்டுக் கேட்டாள். "கடைசியில சத்தமே இல்லைங்க. வெளிச்சமும் பத்தல. இன்னொரு தடவை எடுத்து, நல்லா இருக்கறத மட்டும் சேத்துக்கலாமா?"

"வேணாம்," என்றார் ஃபோகஸ் அண்ணன். "அப்படியே இருக்கட்டும்."